மூவாயிரம் குரோம்புக், நான்கு வழிகள்: கலிஃபோர்னியப் பள்ளி மாவட்டம் ஒன்றின் கொள்முதல் முடிவு

கலிஃபோர்னியாவில் நடுத்தர அளவுள்ள ஒரு பள்ளி மாவட்டத்தின் கொள்முதல் அலுவலகத்துக்குப் பிப்ரவரி மாதத்தில் வரும் கோரிக்கைகளில் மிகப் பெரியது பெரும்பாலும் தொழில்நுட்பப் பிரிவிலிருந்துதான் வரும். பெருந்தொற்றுக் காலத்தில் மத்திய அரசின் நிவாரணப் பணத்தைக் கொண்டு அவசரமாக வாங்கிய மடிக்கணினிகள் இப்போது திரை உடைந்தும் மின்கலம் தளர்ந்தும் கிடக்கின்றன. அந்த நிவாரணத்தின் கடைசித் தவணைக்கான செலவு உறுதிகள் 2024 செப்டம்பர் 30 உடன் முடிந்துவிட்டதால், மாற்றுக் கருவிகளுக்கான பணம் இனி மாவட்டத்தின் பொது நிதியிலிருந்தே வர வேண்டும். கோரிக்கை மூவாயிரம் குரோம்புக்குகளுக்கானது, அதாவது கூகுளின் இயங்குதளம் கொண்ட மடிக்கணினிகளுக்கானது, என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஏறத்தாழ 330 டாலர் என்றால், வரியையும் உரிமக் கட்டணத்தையும் சேர்க்கும் முன்பே தொகை பத்து இலட்சம் டாலரைத் தொடுகிறது. கோரிக்கையைக் கையில் வைத்திருக்கும் கொள்முதல் அலுவலருக்கு முன்னால் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகள் நான்கு. எதைத் தேர்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இங்கே பள்ளி மாவட்டம் என்பது தமிழ்நாட்டின் கல்வி மாவட்டம் போல அரசுத் துறையின் ஒரு நிர்வாகப் பிரிவு அன்று. வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் வாரியத்தையும் தனக்கென வரவு செலவுத் திட்டத்தையும் கொண்ட தன்னாட்சி அமைப்பு அது. மாநிலத்தில் இத்தகைய மாவட்டங்கள் தொள்ளாயிரத்துக்கும் மேல் உள்ளன. கொள்முதல் அலுவலர் வாரியத்தின் அதிகாரத்தைக் கடனாகப் பெற்றே வேலை செய்கிறார். கல்விச் சட்டத் தொகுப்பின் 17605 ஆம் பிரிவு வாங்கும் அதிகாரத்தை ஊழியருக்கு ஒப்படைக்க வாரியத்தை அனுமதிக்கிறது என்றாலும், அவர் செய்த வாங்கல்கள் அறுபது நாளுக்கு ஒருமுறை வாரியத்தின் பார்வைக்கு வந்தாக வேண்டும். எந்த வழியில் வாங்கினாலும், ஏன் அந்த வழி என்று கேட்கப்படும் நாள் ஒன்று வரும் என்பதை மனத்தில் வைத்துத்தான் இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.

முதலில் எல்லைக்கோடு. பொது ஒப்பந்தச் சட்டத் தொகுப்பின் 20111 ஆம் பிரிவு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பொருள், கருவி, சேவை ஆகியவற்றை முறையான ஒப்பந்தப்புள்ளி கோரியே வாங்க வேண்டும் என்கிறது. சட்டத்தில் எழுதப்பட்ட அடிப்படைத் தொகை 50,000 டாலர். விலைவாசிக்கு ஏற்ப அது ஆண்டுதோறும் திருத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டுக்கு 114,800 டாலராக அறிவிக்கப்பட்டது. அதற்குக் கீழே இருந்தால் சில விற்பனையாளர்களிடம் விலைப்புள்ளி வாங்கி முடித்துவிடலாம். நமது கோரிக்கை அந்த எல்லையைப் போல எட்டு மடங்குக்கும் மேற்பட்டது என்பதால் அந்த எளிய வழி அடைபட்டுவிட்டது.

ஆனால் அடைபட்ட அந்தக் கதவைத் திறந்து பார்க்கத் தூண்டும் ஒரு கணக்கு இதே கோரிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது. பள்ளியில் ஒவ்வொரு குரோம்புக்கையும் மையமாக நிர்வகிக்கக் கூகுளின் கல்வி உரிமம் ஒன்று தேவை, அதன் பட்டியல் விலை 38 டாலர். மூவாயிரம் கருவிக்கு 114,000 டாலர், அதாவது 2025 ஆம் ஆண்டின் எல்லைக்குச் சரியாக 800 டாலர் கீழே. உரிமங்களைத் தனியாகவும் கருவிகளைப் பள்ளிவாரியாக நூறு நூறாகவும் பிரித்துவிட்டால் ஒப்பந்தப்புள்ளியே வேண்டாமே என்று யாராவது ஒருவர் கூட்டத்தில் கேட்கத்தான் செய்வார். விதிகளைத் தவிர்க்கும் நோக்கத்தோடு ஒரு வாங்கலைத் துண்டுதுண்டாக்குவதை 20116 ஆம் பிரிவு சட்டவிரோதம் என்றே சொல்கிறது. உரிமத்தைத் தனி உருப்படியாகக் காட்டுவதற்கு வேறொரு நேர்மையான காரணம் உண்டு என்பதைப் பின்னர் பார்க்கலாம். கருவிகளைப் பிரிப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

முதல் வழி, 20111 சொல்லும் முறையான ஒப்பந்தப்புள்ளி. மாவட்டம் தனக்கு வேண்டியதைத் தொழில்நுட்ப விவரக்குறிப்பாக எழுதுகிறது. வாரம் ஒருமுறையாக இரண்டு வாரங்கள் செய்தித்தாளில் அறிவிக்கிறது. குறித்த நாளில், குறித்த மணியில் உறைகள் திறக்கப்படுகின்றன. பொறுப்புள்ள விற்பனையாளர்களில் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு வாரியம் ஒப்பந்தத்தைத் தருகிறது, இல்லையேல் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்கிறது. இடையில் மூன்றாவது வாய்ப்பு இல்லை. விவரக்குறிப்பு எழுதுவதில் தொடங்கி வாரியக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறுவது வரை இரண்டு மாதத்தை ஒதுக்கி வைப்பது நடைமுறைக்கு ஒத்தது.

இந்த வழியின் வலிமையும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: அலுவலருக்கோ தொழில்நுட்ப இயக்குநருக்கோ விருப்புரிமை ஏறக்குறைய இல்லை. ‘பொறுப்புள்ள’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது குறைந்த விலை சொன்னவர் இன்னும் அனுபவமுள்ளவர், அவரையே தேர்வோம் என்று சொல்ல முடியாது. 1972 இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் இங்கிள்வுட் குடிமை மைய வழக்கில் இதைத் தெளிவாக்கியது. விற்பனையாளருக்கு வேலையைச் செய்து முடிக்கும் தகுதி இருக்கிறதா என்பதுதான் கேள்வியே தவிர, ஒருவர் மற்றொருவரைவிட மேலானவரா என்பதன்று. தகுதியில்லை என்று கருதினாலும், அவருக்குக் காரணத்தைத் தெரிவித்துப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் தள்ள முடியாது. விவரக்குறிப்பிலிருந்து விலகிய விலையை, சிறிய விலகல்தானே என்று கண்டும் காணாமல் ஏற்கவும் முடியாது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் நகலெடுக்கும் இயந்திரக் கொள்முதல் பற்றிய 1988 ஆம் ஆண்டுக் கொனிகா வழக்கில், போட்டியாளருக்குக் கிடைக்காத சாதகத்தை ஒருவருக்கு மட்டும் தந்த விலகலுக்காக ஒப்பந்தமே செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

குரோம்புக்குக்கு இந்த வழி எப்படிப் பொருந்தும்? பொருள் எளிது, விவரக்குறிப்பு அளவிடத்தக்கது. ஆகவே கோட்பாட்டளவில் நன்றாகவே பொருந்த வேண்டும். நடைமுறையில் இரண்டு இடர்கள் எழுகின்றன. கணினிச் சந்தையில் விலை நிலையாக நிற்பதில்லை. உறை திறக்கும் நாளிலிருந்து வாரியம் ஒப்புதல் தரும் நாள் வரையும், அதன் பிறகும் விலையைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் விற்பனையாளர் அந்த இடரையும் விலையில் ஏற்றிவிடுகிறார். இரண்டாவது, வெளியிலிருப்பவர் கண்ணில் படாத ஒரு வழக்கம்: ஒரு மாவட்டத்தின் தேவையைத் தயாரிப்பாளரிடம் முதலில் பதிவு செய்துகொண்ட விற்பனையாளருக்கே தயாரிப்பாளர் சிறப்பு விலையைத் தருகிறார். அதே மாதிரியை விற்க வரும் மற்றவர்களுக்கு அந்த விலை கிடைப்பதில்லை. அறிவிப்பு ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியைக் குறிப்பிட்டிருந்தால் ஐந்து உறைகள் வந்தாலும் போட்டி ஒன்றுதான், மற்ற நான்கும் மரியாதைக்கு வந்தவை. இரண்டு மூன்று தயாரிப்பாளர்களின் மாதிரிகள் உண்மையாகவே தகுதிபெறும்படி விவரக்குறிப்பு இருந்தால் மட்டுமே போட்டி தயாரிப்பாளர்களுக்கிடையே நடக்கும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய, பலரும் பயன்படுத்தாத ஒரு தளர்வு 20118.1 ஆம் பிரிவில் இருக்கிறது. மின்னணுத் தரவுச் செயலாக்க அமைப்புகளையும் அவற்றுக்கான மென்பொருளையும் வாங்கும்போது, மிகக் குறைந்த விலை சொன்ன மூவரில் ஏற்புடைய ஒருவரோடு மாவட்டம் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மிகக் குறைந்த விலையின் பிடிவாதத்துக்கு அஞ்சி ஒப்பந்தப்புள்ளியையே ஒதுக்குகிறவர்கள் முதலில் இந்தப் பிரிவைத் தங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து படித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வழி முன்மொழிவுக் கோரிக்கை. தொழில்நுட்பத் துறையினர் மிகவும் விரும்புவது இதைத்தான். 20118.2 ஆம் பிரிவு, கணினி, மென்பொருள், தொலைத்தொடர்புக் கருவி முதலியவற்றுக்கு விலையோடு நம்பகத்தன்மை, வாழ்நாள் செலவு, ஆதரவுச் சேவை, உத்தரவாதம் போன்றவற்றையும் எடைபோட்டுப் பேச்சுவார்த்தை மூலம் ஒப்பந்தம் செய்ய இடம் தருகிறது. எந்தெந்தக் காரணிகளைப் பார்ப்போம், எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதைக் கோரிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். மிகக் குறைந்த விலை சொன்னவருக்குத் தரவில்லையென்றால், ஏன் தரவில்லை என்று மாவட்டம் எழுத்தில் காரணம் பதிவு செய்ய வேண்டும்.

கேட்பதற்கு இது எல்லா வகையிலும் அறிவார்ந்த வழியாகத் தோன்றும். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு அடங்கியிருக்கிறது: பொதுமக்களுக்குக் கணிசமான அளவில் கிடைக்கும் பொருள்களை வாங்க இந்த முறை பொருந்தாது. குரோம்புக் எந்த மின்னணுக் கடையிலும் அடுக்கி வைத்து விற்கப்படும் பொருள். பள்ளிக்கென்று விற்கப்படும் மாதிரி வேறு, அதோடு வரும் நிர்வாக உரிமமும் பதிவுச் சேவையும் கடையில் கிடைக்காதவை என்று வாதிடலாம்தான். அந்த வாதத்தைத் தோற்ற விற்பனையாளரின் வழக்கறிஞருக்கு எதிரே வைத்துச் சோதித்துப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே, வெறும் மடிக்கணினி வாங்குவதற்கு முன்மொழிவுக் கோரிக்கையை நான் கடைசி இடத்தில் வைப்பேன். வகுப்பறை மேலாண்மை மென்பொருள், மாணவர் தகவல் அமைப்பு, கம்பியில்லா வலையமைப்பு போன்றவற்றுக்கு அதே முறை முதலிடத்துக்கு வந்துவிடும். அங்கே ஒரு பொருளுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை விலை ஒன்றே சொல்லிவிடாது.

விருப்புரிமை கூடும்போது அதைக் காக்கும் சுவரும் தடிக்க வேண்டும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டத்தின் ஐபேட் திட்டத்தைவிடப் பெரிய சான்று இந்த மாநிலத்தில் இல்லை. எல்லா மாணவருக்கும் ஆளுக்கொரு கருவி என்ற, 130 கோடி டாலர் வரை செல்லக்கூடிய திட்டம் அது. 2013 ஜூனில் வாரியம் முதற்கட்டமாக ஏறத்தாழ மூன்று கோடி டாலருக்கு ஒப்புதல் அளித்தது. ஆப்பிளின் ஐபேடும் பியர்சன் நிறுவனத்தின் பாடத்திட்டமும் சேர்ந்த கட்டாக ஒவ்வொன்றுக்கும் 768 டாலர் என்ற விலை பேசப்பட்டது. போட்டி தொடங்குவதற்கு முன்பே மாவட்டத்தின் உயர் அலுவலர்களுக்கும் அந்த நிறுவனங்களுக்கும் இடையே நடந்த மின்னஞ்சல் பரிமாற்றங்கள் வெளியானதைத் தொடர்ந்து, 2014 ஆகஸ்டில் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான அப்போதைய கண்காணிப்பாளர் ஜான் டீஸி அந்த ஒப்பந்தத்தின் கீழ் மேலும் வாங்குவதை நிறுத்தினார். அக்டோபரில் அவர் பதவி விலகினார். டிசம்பரில் எஃப்.பி.ஐ. முகவர்கள் மாவட்ட அலுவலகத்திலிருந்து பெட்டி பெட்டியாக ஆவணங்களை எடுத்துச் சென்றனர். 2017 இல் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் குற்றச்சாட்டு எதையும் பதியாமல் விசாரணையை முடித்துக்கொண்டது.

குற்றம் எதுவும் நிறுவப்படவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கொள்முதல் அலுவலர் இதில் கவனிக்க வேண்டியது வேறு. விவரக்குறிப்பு எழுதப்படும் முன்பே ஒரு விற்பனையாளரோடு நடக்கும் உரையாடல் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனாலும் பின்னால் மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையில் அந்த உரையாடலின் நிழல் மதிப்பெண் தாளில் விழும். குறைந்த விலையை மட்டும் பார்க்கும் முறையில் அந்த நிழலுக்கு விழ இடம் குறைவு, விவரக்குறிப்பு ஒரு பக்கம் சாய்த்து எழுதப்பட்டிருந்தாலொழிய. அலுவலரின் மின்னஞ்சல்கள் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்டுப் பெறக்கூடியவை. தாம் பங்கேற்று உருவாக்கும் ஒப்பந்தத்தில் தமக்குப் பண ஆதாயம் இருக்கக்கூடாது என்னும் அரசுச் சட்டத் தொகுப்பின் 1090 ஆம் பிரிவு குற்றவியல் தண்டனையோடு வருகிறது. மாவட்டத்தின் விதிப்படி பொருளாதார நலன் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய பதவியில் இருப்பவர், 2025, 2026 ஆண்டுகளில் ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 630 டாலருக்கு மேல் அன்பளிப்புப் பெறக்கூடாது. விற்பனையாளர் மாநாட்டில் கிடைக்கும் இரவு விருந்தும் அந்தக் கணக்கில் சேரும்.

மூன்றாவது வழியை அலுவலகங்களில் பிக்கிபேக் என்பார்கள். மற்றொரு பொது அமைப்பு ஏற்கெனவே போட்டி நடத்திச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாக, மீண்டும் அறிவிப்பு வெளியிடாமல் வாங்குவது. 20118 ஆம் பிரிவு இதை அனுமதிக்கிறது. அவ்வாறு வாங்குவது மாவட்டத்தின் நலனுக்கு உகந்தது என்று வாரியம் தீர்மானிக்க வேண்டும், வாங்குவது அசையும் பொருளாக இருக்க வேண்டும். பக்கத்து மாவட்டம் சென்ற ஆண்டு இதே குரோம்புக்கை ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கி, மற்ற மாவட்டங்களும் சேரலாம் என்ற வாசகத்தையும் அதில் வைத்திருந்தால், வாரியத் தீர்மானம் ஒன்றோடு வேலை முடிந்துவிடும். மூன்று வாரம் போதும்.

இவ்வளவு எளிதாக இருப்பதுதான் என் ஐயத்துக்குக் காரணம். பக்கத்து மாவட்டத்தின் விவரக்குறிப்பு அவர்களுடைய வகுப்பறைக்காக எழுதப்பட்டது. அவர்கள் வாங்கிய மாதிரி இப்போது ஓராண்டு பழையது. அந்த விலை அவர்களுடைய அளவுக்குக் கிடைத்தது, நம்முடைய மூவாயிரமும் சேரும்போது விலை குறைய வேண்டும் என்று கேட்க நமக்கு ஒப்பந்தத்தில் பிடி இல்லை. அந்தப் போட்டியில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், அறிவிப்புச் சரியாக வெளிவந்ததா, எதிர்ப்பு ஏதும் வந்ததா என்பன அவர்களுடைய கோப்பில் இருக்கும், நம்முடையதில் இருக்காது. மூல ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்தால் அதில் தொங்கும் நம்முடைய ஒப்பந்தத்துக்கும் அதே ஓட்டை. மூலக் கோப்பு முழுவதையும், அதாவது அறிவிப்பின் சான்று, வந்த விலைகளின் பட்டியல், வாரிய நடவடிக்கைக் குறிப்பு, சேர்க்கை வாசகம் ஆகியவற்றை வாங்கிப் படித்த பிறகே இந்த வழியை எண்ணிப் பார்க்கலாம். அவ்வளவையும் செய்வதற்குள் நான்காவது வழியில் விலைப்புள்ளிகளே கைக்கு வந்துவிடும். பள்ளிப் பேருந்து, வகுப்பறை மேசை நாற்காலி போன்ற, மாதிரி விரைவில் மாறாத பொருள்களுக்கு இதே வழி மிகவும் நல்லது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, கூட்டுக் கொள்முதல் ஒப்பந்தங்கள். மாநிலங்களின் கொள்முதல் தலைமை அலுவலர்கள் சேர்ந்து நடத்தும் நாஸ்போ வேல்யூபாயின்ட் அமைப்பின் கணினி ஒப்பந்தங்கள் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. மின்னசோட்டா மாநிலம் தலைமையேற்றுப் போட்டி நடத்துகிறது. பெரிய தயாரிப்பாளர்கள் பலருக்கும் முதன்மை ஒப்பந்தம் கிடைக்கிறது. கலிஃபோர்னியாவின் பொதுச் சேவைகள் துறை ஒவ்வொருவரோடும் பங்கேற்பு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. மாநிலத்தின் இத்தகைய ஒப்பந்தங்களைப் பள்ளி மாவட்டங்கள் உட்பட உள்ளாட்சி அமைப்புகள் மேலும் போட்டி நடத்தாமல் பயன்படுத்தலாம் என்று பொது ஒப்பந்தச் சட்டத் தொகுப்பின் 10298, 10299 ஆம் பிரிவுகள் கூறுகின்றன. மத்திய அரசின் விலைப் பட்டியல்களை அடியொற்றிய, சுருக்கமாகக் ‘சீமாஸ்’ எனப்படும் மாநிலப் பல்விற்பனையாளர் அட்டவணையும் இவ்வகையே. மின்னசோட்டாவைச் சேர்ந்த சோர்ஸ்வெல், டெனசியில் தலைமையகம் கொண்ட ஆம்னியா பார்ட்னர்ஸ் ஆகியவை நாடு முழுவதும் இத்தகைய ஒப்பந்தங்களைத் தருகின்றன. அவற்றுக்கு மாநிலத் துறையின் கையொப்பம் இல்லாதபோது கலிஃபோர்னியச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வாங்குகிறோம் என்பதை மாவட்ட வழக்கறிஞர் எழுத்தில் சொன்ன பிறகே கொள்முதல் ஆணை வெளியே போக வேண்டும்.

கூட்டு ஒப்பந்தம் பற்றி மிகப் பரவலான தவறான எண்ணம், அதில் உள்ள விலைதான் வாங்கும் விலை என்பது. அது உச்ச வரம்பு. பட்டியல் விலையிலிருந்து குறைந்தது இத்தனை விழுக்காடு தள்ளுபடி என்று விற்பனையாளர் உறுதி தந்திருக்கிறார், அதற்குக் கீழே இறங்க அவருக்குத் தடையேதும் இல்லை. ஒரே கருவி ஒன்றை வாங்கும் சிறு நூலகத்துக்கும் மூவாயிரம் வாங்கும் மாவட்டத்துக்கும் பொதுவாக எழுதப்பட்ட வரம்பை அப்படியே ஏற்று ஆணை போடுவது, சட்டப்படி பிழையில்லாத வீண்செலவு. ஒப்பந்தத்தில் உள்ள மூன்று நான்கு தயாரிப்பாளர்களின் விற்பனையாளர்களுக்கு ஒரே விவரக்குறிப்பை, ஒரே கெடுநாளோடு அனுப்பி எழுத்தில் விலைப்புள்ளி கேட்பதுதான் இந்த வழியைச் சரியாகப் பயன்படுத்தும் முறை. இதைச் செய்யச் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் செய்ய வேண்டும். மத்திய அரசின் மானியம், எடுத்துக்காட்டாக ஏழை மாணவர்களுக்கான முதலாம் தலைப்பு நிதி, இதில் கலந்திருந்தால் மத்திய விதிகளும் உடன் வருகின்றன. இந்த அளவிலான தொகைக்கு விலைப் பகுப்பாய்வு ஒன்று கோப்பில் இருந்தே ஆக வேண்டும், மேற்சொன்ன விலைப்புள்ளிகளே அந்தப் பகுப்பாய்வின் பெரும்பகுதியாகிவிடும்.

இதற்கும் குறைகள் உண்டு. ஒப்பந்தத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு விற்பனைக்கும் விற்பனையாளர் ஒரு சிறு நிர்வாகக் கட்டணம் செலுத்துகிறார், அது எங்கோ விலையில் ஏறியிருக்கும். முன்னர்ச் சொன்ன பதிவுச் சலுகை வழக்கம் இங்கும் தலைகாட்டும். எல்லாவற்றையும்விடக் கனமான குறை, உள்ளூர்ச் சிறு விற்பனையாளருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருப்பது. தயாரிப்பாளர் அங்கீகரித்த மறுவிற்பனையாளர் பட்டியலில் இல்லாதவர் விலை சொல்லவே முடியாது. மாவட்டத்துக்கு வரி செலுத்தும் கடைக்காரர் வாரியக் கூட்டத்தில் எழுந்து, தனக்கு ஏன் வாய்ப்பே தரவில்லை என்று கேட்டால், சட்டத்தில் பதில் இருக்கிறது, ஆனால் கேட்டவர் மனம் நிறையும் பதில் அன்று. அந்தக் கேள்விக்கு முறையான ஒப்பந்தப்புள்ளி ஒன்றே முழுப் பதில்.

இனி, எந்த வழியைத் தேர்ந்தாலும் குறையாத வேலை. கூட்டு ஒப்பந்தம் போட்டி நடத்தும் வேலையை மிச்சப்படுத்தும், என்ன வேண்டும் என்று எழுதும் வேலையை மிச்சப்படுத்தாது. குரோம்புக்கில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு, தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் நாள். 2021 முதல் வெளியான தளங்களுக்கு (கருவிகளின் அடிப்படை வன்பொருள் வடிவமைப்புகளுக்கு) பத்தாண்டுப் புதுப்பிப்பு என்று 2023 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது. அந்தப் பத்தாண்டு, கருவியை நாம் வாங்கிய நாளிலிருந்து அல்லாமல், அந்தத் தளம் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நான்காண்டுக்கு முன் வெளியான தளத்தில் செய்த கருவியைப் பெட்டி பிரிக்காமல் புத்தம்புதிதாக விற்கலாம், விலையும் கவர்ச்சியாகவே இருக்கும், ஆறாண்டில் அதன் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிடும். ‘புதுப்பிப்பு 2034 ஜூனுக்கு முன் முடியாத மாதிரிகள் மட்டும்’ என்று ஒரு வரி எழுதினால் நான்கு வழியிலும் பாதுகாப்பு. எழுதாவிட்டால், குறைந்த விலைக்கே தர வேண்டும் என்னும் முதல் வழிதான் அதிகம் தண்டிக்கும்.

வரிக்கும் இதே கவனம் தேவை. கலிஃபோர்னியாவில் பொதுப் பள்ளி மாவட்டங்களுக்கு விற்பனை வரி விலக்கு இல்லை. மாநில அளவில் குறைந்தது 7.25 விழுக்காடு, பல ஊர்களில் அதற்கும் மேல். மின்னணு வழியாக மட்டுமே வழங்கப்படும் மென்பொருளுக்கு அந்த வரி இல்லை. ஆகவே 114,000 டாலர் உரிமத் தொகை கருவியின் விலையோடு ஒரே உருப்படியாகக் கலந்து வந்தால், செலுத்தத் தேவையில்லாத 8,265 டாலர் வரியாகச் சேர்ந்துவிடக்கூடும். உரிமத்தைத் தனி உருப்படியாகக் கேட்பதற்கு முன்னர் குறிப்பிட்ட நேர்மையான காரணம் இதுதான். ஒரே வாங்கலுக்குள் தனி உருப்படி வேறு, தனி வாங்கல் வேறு. திரையுள்ள கருவிகளுக்கான மின்னணுக் கழிவு மறுசுழற்சிக் கட்டணமும் விலைப்புள்ளியில் தனியே காட்டப்பட வேண்டும். ஒருவர் காட்டி மற்றவர் மறைத்தால் இரண்டு விலையையும் ஒப்பிடவே முடியாது.

மூவாயிரம் குரோம்புக்குக்கு என் தெரிவு நான்காவது வழி, ஒரு நிபந்தனையோடு: ஒப்பந்தத்தில் உள்ளவர்களிடையே எழுத்து வடிவில் விலைப் போட்டி நடந்திருக்க வேண்டும். நேரம் இதற்கு ஒரு காரணம்தான், பெரிய காரணம் அன்று. பிப்ரவரியில் கோரிக்கை வந்தால் முறையான ஒப்பந்தப்புள்ளிக்கும் நேரம் இருக்கிறது. தரப்படுத்தப்பட்ட, விரைவில் மாறும் பொருளுக்கு, போட்டியும் ஆணையும் ஒரே மாதத்துக்குள் நடப்பதே விலையை உண்மைக்கு அருகில் வைக்கிறது என்பதுதான் முதன்மையான காரணம். விலைப்புள்ளிகள் மிகவும் நெருங்கி வந்து, பதிவுச் சலுகையின் வாடை அடித்தாலோ, உள்ளூர் விற்பனையாளர்கள் பலர் உண்மையிலேயே தகுதியுடையவர்களாக இருந்தாலோ, முதல் வழிக்குத் திரும்பலாம், மார்ச் நடுவில் அறிவிப்பு வெளியானாலும் ஜூனுக்குள் வாரிய ஒப்புதல் கிடைத்துவிடும். முன்மொழிவுக் கோரிக்கைக்கு மேலே சொன்ன விலக்கு குறுக்கே நிற்கிறது. பிக்கிபேக், மற்ற இரண்டும் கைகூடாதபோது மட்டும்.

பொருள் மாறினால் இந்த வரிசையும் மாறும் என்பதால் இதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நகலெடுக்கும் தாளுக்கு ஒப்பந்தப்புள்ளியே சிறந்தது. பொருள்களுக்கு மூன்றாண்டு வரை தொடர் ஒப்பந்தம் செய்ய கல்விச் சட்டத் தொகுப்பின் 17596 ஆம் பிரிவு இடம் தருவதால், ஒருமுறை பட்ட பாடு மூன்று ஆண்டுக்குப் பயன்படும். பள்ளி உணவுக்கு 2017 இல் நிறைவேறிய சட்டம் தனிப் பாதை வகுத்திருக்கிறது, விலை அங்கே முதன்மைக் காரணி, ஒரே காரணி அன்று. கம்பியில்லா இணைப்புக் கருவிகளை, பள்ளிகளின் இணைய இணைப்புச் செலவுக்கு உதவும் மத்திய அரசின் இ-ரேட் திட்டத்தின் உதவியோடு வாங்குவதானால் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தின் 470 ஆம் எண் படிவத்தை வெளியிட்டுக் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும், மதிப்பெண்ணில் விலைக்கே மிகுந்த எடை தர வேண்டும். மாணவர் கையில் கொடுக்கும் குரோம்புக் அந்த உதவியில் சேராது. ஆகவே இரண்டையும் ஒரே அறிவிப்பில் போட்டுவிடலாம் என்று தொழில்நுட்பப் பிரிவு கேட்டால் மறுத்துவிடுவதே நல்லது.

நான்காவது வழியில் போவதென்றால், ஏப்ரல் மாத வாரியக் கூட்டத்துக்குச் செல்லும் கோப்பில் இருக்க வேண்டியவை இவை: முதன்மை ஒப்பந்தமும் மாநிலத்தின் பங்கேற்பு ஒப்பந்தமும், அவை இன்னும் காலாவதியாகவில்லை என்பதற்கான சான்று, எல்லோருக்கும் அனுப்பிய ஒரே விவரக்குறிப்பு, வந்த விலைப்புள்ளிகள், வரியையும் கட்டணத்தையும் பிரித்துக் காட்டும் ஒப்பீட்டுத் தாள், விலை சொல்ல மறுத்தவர்களின் பதில்கள். கூட்டத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன் நிகழ்ச்சிநிரல் பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்பதால், நிர்வாகத்தின் உள் ஒப்புதல்கள் அதற்கு இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆணை மே மாதத்தில் போனால் கருவிகள் ஜூலையில் வந்து இறங்கும். ஜூன் 30 உடன் நிதியாண்டு முடிவதால், எந்த ஆண்டின் நிதியில் இந்தச் செலவை எழுதுவது என்பதைக் கணக்குப் பிரிவோடு ஏப்ரலிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.